நகராத குடம்

ஆனேக்கல் தாண்டிப் பேருந்து திரும்பும் இடத்தில்
பெங்களூரு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன்.
முடியவில்லை. ரோஜாத் தோட்டங்களுக்கு நடுவே
பன்னிரண்டு மாடி ஒன்று பாதி எழும்பி நிற்கிறது.
அதற்கு ஆழ்துளைக் கிணறு இறக்கிய மாதமே
ஊர்க்குழாய் இருமத் தொடங்கியதாம்.

இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள் டேங்கர்.
ஓட்டுகிறவர் கெம்பராஜு. நேரம், அவர் இஷ்டம்.
ஆகவே ஆட்கள் நிற்பதில்லை, குடங்கள் நிற்கின்றன.
முப்பத்தொன்று எண்ணினேன்.
குடம் வராத வீட்டுக்கு ஒரு செங்கல்,
ஒற்றைச் செருப்பு.

என் வேலையே எண்ணுவது.
பேராசிரியை தந்த படிவத்தில் இருபத்திரண்டு கேள்விகள்.
ஒன்பதாவது: குடும்பத்தில் எத்தனை பேர்?
‘குடும்பம் எனில் ஓர் அடுப்பில் உண்பவர்’ என்று அடிக்குறிப்பு.
ஜெயராமரெட்டி வீட்டில் அடுப்பு இரண்டு,
ரேஷன் கார்டு ஒன்று.
எப்படி எழுதட்டும் என்றேன்.
“இந்தம்மா போனப்புறம் வா, ஒண்ணுன்னு போட்டுக்கலாம்”
என்றாள் மருமகள்,
மாமியார் காதில் விழும்படி.

பதினான்காவது: அக்கம்பக்கத்தார்மேல் நம்பிக்கை உண்டா?
எல்லோரும் உண்டு என்றார்கள்.
குடங்கள் வேறு சொல்லின.
ஆள் தலை மறைந்ததும் முன்குடம் பின்னால் போகும்.
சுசீலம்மாவின் பித்தளை
ஒரே காலையில் ஏழிடம் இறங்கியது.
அவள் வந்தாள், வாய்க்கு வந்ததைச் சொன்னாள்,
ஒன்பதிடம் ஏற்றினாள்.

நடுவில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடம்.
முன்னும் பின்னும் ஒரு முழம் வெறும் மண்.
அது மட்டும் நகரவேயில்லை.
பில்லம்மா விடியலில் அதை வைத்துவிட்டு
ரோஜாவுக்கு மருந்தடித்து,
பையனைப் பள்ளியில் தள்ளிவிட்டு,
டேங்கர் ஹாரனுக்குத் திரும்புவாள்.
வைத்தது வைத்தபடி இருக்கும்.
“என் குடத்துக்குக் காவலே வேணாம்” என்று சிரித்தாள்.
நான் எழுதிக்கொண்டேன்: நம்பிக்கை, மிக அதிகம்.
அடிக்கோடு வேறு.

வியாழக்கிழமை லாரி என்றுமில்லாத பக்கத்திலிருந்து
பின்னோக்கி வந்தது. கெம்பராஜு காதில் போன்.
கூச்சல். யாருடையது என்று பாராமல் கைகள் அள்ளின.
சுசீலம்மாவின் பித்தளையை
அதை ஏழிடம் இறக்கியவளே காப்பாற்றினாள்.
செங்கல்லைக்கூட ஒரு பையன் தூக்கிக்கொண்டு ஓடினான்.
பச்சைக் குடம் நின்ற இடத்தில் நின்றது.
பெரிய சத்தமில்லை,
அப்பளம் நொறுங்கும் அளவுக்கு.

பில்லம்மா வந்தாள்.
வாய்வளையத்தை மட்டும் எடுத்துப் பார்த்தாள்.
“யாருமா இழுத்து வைக்கல?”
எல்லோரும் டேங்கரைப் பார்த்தார்கள்.
ஒரு சின்னப் பெண்தான் சொன்னாள்,
வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோல்:
“ஒங்களத நாங்க தொடமாட்டோமே.”

இதற்குப் பாடத்தில் சொல் இருக்கிறது.
அந்தத் தாளில் எனக்கு எழுபத்தெட்டு மதிப்பெண்.
அடிக்கோட்டின்மேல் குறுக்கே ஒரு கோடு போட்டேன்.

குடம் எனக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது.
என் கையில் பேனா இருந்தது.
களத்தில் எதையும் தொடாதே, பார்
என்பது எங்கள் துறையின் முதல் பாடம்.
ஊருக்கும் அதுதான் முதல் பாடம் என்று
பேருந்தில் திரும்பும்போது உறைத்தது.

சனிக்கிழமை ஒரு பெயிண்ட் வாளி வைத்துப் போனாள்,
அந்தப் பாதிக் கட்டிடத்தின் வெள்ளை
உள்ளே இன்னும் ஒட்டியிருந்தது.
படிவத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
அதை ஒரு சாண் முன்னே நகர்த்தினேன்.

சுசீலம்மா என் கையைப் பார்த்தாள்.
“நீ எந்த ஊரு?”
சொன்னேன்.
“அங்க எந்தத் தெரு?”

பில்லம்மா திரும்பியதும் கண்டுகொண்டாள்.
“யாரு இதத் தள்ளினது?”
நான்தான் என்றேன்.
“நல்லா பண்ணே போ.
இனிமே நானும் இங்கயே நிக்கணும்.”